பழைய பியானோவுக்குக் கம்பி மாற்றினால் போதுமா?

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் அவ்வப்போது பழைய பியானோக்கள் வந்து சேர்கின்றன. பெங்களூரில் வீடு காலி செய்கிறவர்கள் விற்றது, கீபோர்டு வந்த பிறகு சர்ச்சில் ஓரமாகத் தள்ளி வைத்தது, கான்வென்ட் பள்ளி மேடைக்குப் பின்னால் துணி போர்த்திக் கிடந்தது என்று ஏதோ ஒரு வழியில் வரும். வீட்டில் இறக்கி வைத்துத் தட்டிப் பார்த்தால் சில கட்டைகள் ஊமையாக இருக்கும், மீதி சுருதி விலகியிருக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒரே யோசனை சொல்வார்கள்: "கம்பியெல்லாம் மாத்திட்டா புதுசாட்டம் ஆயிரும்."

அப்படி ஆகிவிடாது. சில பியானோக்களுக்குக் கம்பி மாற்றத் தேவையே இருக்காது. சிலவற்றுக்கு மாற்றினாலும் பயன் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவற்றுக்குத்தான் அந்தச் செலவு தகும். எந்தப் பியானோ எந்த வகை என்பதைக் கம்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது, கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதைப் புரியாமல் பணம் கட்டி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

இங்கே பேசுவது அப்ரைட் பியானோவைப் பற்றி மட்டும். சுவரோரம் நிற்கிற, உள்ளே கம்பிகள் செங்குத்தாக ஓடுகிற வகை அது.

உள்ளே இருக்கும் இழுவை

கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு இழுத்துக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வரிசையை நன்றாக இழுத்து இறுக்கினால், முன்பு இழுத்து முடித்த வரிசை கொஞ்சம் தொய்ந்துவிடும். திரும்பப் போய் அதை இழுக்க வேண்டும். கயிறு எவ்வளவு புதிதாக இருந்தாலும், சட்டம் விரிசல் விட்டிருந்தால் அந்தக் கட்டில் நிற்காது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பியானோவில் பாதி புரிந்துவிடும்.

பியானோவில் 88 கட்டைகள். (பழைய சிலவற்றில் 85.) ஆனால் கம்பிகள் சுமார் 220 முதல் 230 வரை இருக்கும். மேல் ஸ்தாயியிலும் நடுவிலும் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள், கீழே வரவர இரண்டு, அடிமட்டத்தில் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 70 கிலோ அல்லது அதற்கு மேல் இழுத்துக்கொண்டு நிற்கிறது. மொத்தமாகக் கூட்டினால் 15 டன்னைத் தாண்டும். பெரிய பியானோக்களில் 20 டன் வரை போகும். யாரும் வாசிக்காமல் மூடி வைத்திருந்தாலும் இந்த இழுவை இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கிறது.

இதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். பியானோ பிறந்து நூறாண்டுக்கு மேல் முழுக்க மரச் சட்டத்தோடுதான் இருந்தது. பாஸ்டன் நகரத்து ஆல்ஃபியஸ் பேப்காக் 1825-ல் ஒரே வார்ப்பாக இரும்புச் சட்டம் செய்து காப்புரிமை வாங்கினார். தடித்த கம்பியை இவ்வளவு இறுக்கமாகக் கட்ட முடிந்தது அதற்குப் பிறகுதான்.

இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மரப்பலகை இருக்கிறது. இதன் பெயர் சவுண்ட் போர்டு. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் செய்தது; தடிமன் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. இது தட்டையான பலகை இல்லை, கம்பிப் பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். அதன் மேல் ஒட்டிய மரக்கட்டையை அழுத்திக்கொண்டுதான் கம்பிகள் கடந்து போகின்றன. அந்த மரக்கட்டைக்குப் பிரிட்ஜ் என்று பெயர். வீணையில் குதிரை செய்கிற வேலையை இங்கே இது செய்கிறது. கம்பியின் அதிர்வைப் பலகைக்குக் கொடுக்கிறது, பலகை அதைக் கூடம் நிறையும் ஒலியாக்குகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒலியைத் தொடங்குவது கம்பி, பெரிதாக்குவது பலகை, இழுவையைத் தாங்குவது இரும்பு. இந்த மூன்றில் சுலபமாக மாற்றக்கூடியது கம்பி மட்டும்தான்.

சுருதியைப் பிடித்து வைப்பது எது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு கம்பியின் மேல் நுனியும் ஓர் எஃகு முளையில் சுற்றியிருக்கும். ட்யூனிங் பின் என்பார்கள். நான் முளை என்றே சொல்கிறேன். தடிமன் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர், நீளம் 6 சென்டிமீட்டர். சுருதி சேர்க்கிறவர் நீளமான சாவியை மாட்டித் திருப்புவது இதைத்தான். இந்த முளை எதில் செருகியிருக்கிறது? பின் பிளாக் என்ற கனமான மரக்கட்டையில். மேப்பிள், பீச் போன்ற கடின மரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிச் செய்தது.

முளையைப் பிடித்து நிறுத்த நட்டு கிடையாது, பூட்டு கிடையாது. வீணையின் பிரடை எப்படி உராய்வில் நிற்கிறதோ அதே மாதிரி, மரத் துளையின் இறுக்கம் ஒன்றுதான் அந்த 70 கிலோ இழுவைக்கு எதிராக முளையைத் திரும்பவிடாமல் வைத்திருக்கிறது. மரம் வயதாகிக் காய்ந்து துளை லூசாகிவிட்டால் எந்த நாட்டுக் கம்பியைக் கொண்டுவந்து கட்டினாலும் சுருதி நிற்காது.

நம் ஊர் வெயிலும் இதில் சேர்கிறது. மார்ச் முதல் மே வரை தர்மபுரியில் காற்று எவ்வளவு வறண்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர், நவம்பரில் மழை ஈரம். ஈரம் ஏறினால் சவுண்ட் போர்டு உப்பும், பிரிட்ஜை முன்னால் தள்ளும், கம்பிகள் இறுகும், சுருதி ஏறும். வறண்டால் எல்லாம் தலைகீழ். அதனால் நவம்பரில் சேர்த்த சுருதி ஏப்ரலில் இறங்குவது இயல்பு. சேர்த்தவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அதே வறட்சியில் பின் பிளாக்கும் சுருங்குகிறது. சென்னைக் கடற்காற்றில் பல வருடம் இருந்த பியானோவைத் தர்மபுரிக்கு ஏற்றி வந்தால், அங்கே சரியாக நின்ற முளைகள் இங்கே முதல் கோடையிலேயே தளரலாம்.

சுருதி விலகுவது வானிலையாலா, முளையாலா? வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பகுதி முழுக்கச் சேர்ந்தாற்போல ஏறியோ இறங்கியோ இருந்தால் அது வானிலை. சேர்த்து ஒரு வாரத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கட்டைகள் மட்டும், ஒரு கட்டையின் மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் விலகி "வோங் வோங்" என்று அலைபாய்ந்தால், அது தளர்ந்த முளை.

தளர்ந்த முளைக்கும் உடனே பெரிய வைத்தியம் வேண்டாம். துளைக்குள் அட்டைச் சுருள் வைக்கலாம். தண்ணீர் மாதிரி மெல்லிய சூப்பர் க்ளூவை முளையின் அடியில் சொட்டு சொட்டாக இறங்கவிடலாம். கேட்க மலிவான வேலையாகத் தோன்றினாலும் பழைய பியானோக்களில் நன்றாகவே பலன் தருகிறது. அதற்கும் நிற்காவிட்டால் கம்பியைக் கழற்றி, ஒரு அளவு தடித்த முளையை அடிக்க வேண்டும். அதுவும் போதாது என்ற நிலைக்கு வந்தால் பின் பிளாக்கையே மாற்ற வேண்டும். அது பியானோவையே பிரித்துப் போடுகிற வேலை.

ஒன்றை மட்டும் தயவு செய்து செய்யாதீர்கள். துருவைப் பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெயோ, பட்டறையில் அடிக்கிற ஸ்ப்ரே எண்ணெயோ முளைப் பக்கம் காட்டாதீர்கள். எண்ணெய் மரத்துக்குள் இறங்கினால் உராய்வு போய்விடும். உராய்வை நம்பித்தான் முழுப் பியானோவும் நிற்கிறது. இறங்கிய எண்ணெயை மரத்திலிருந்து திரும்ப எடுக்கவும் முடியாது.

மூன்று வேலை, மூன்று பெயர்

ட்யூனிங் என்றால் முளையைத் திருப்பிச் சுருதி சேர்ப்பது. ரெகுலேஷன் என்றால் கட்டைக்கும் கம்பிக்கும் நடுவில் உள்ள பொறியமைப்பின் இடைவெளிகளைச் சரிசெய்வது. ரீஸ்ட்ரிங்கிங் என்றால் பழைய கம்பிகளையும், பெரும்பாலும் முளைகளையும் சேர்த்து மாற்றுவது. ஓவர்ஹால் என்று சொன்னால் இதில் எதை வேண்டுமானாலும் குறிக்கலாம், எல்லாவற்றையும் சேர்த்தும் குறிக்கலாம். ஒருவர் ஓவர்ஹால் என்றால் எதெல்லாம் அதில் அடக்கம் என்று முதலில் கேளுங்கள்.

கம்பிக்கு எப்போது ஆயுள் முடிகிறது?

மேல் ஸ்தாயியில் இருப்பது வெறும் எஃகுக் கம்பி. உச்சியில் தடிமன் 0.8 மில்லிமீட்டர் அளவில் தொடங்கி, கீழே வரும்போது 1 மில்லிமீட்டரைத் தாண்டும். மேலே பழுப்பாகத் தூசி படிந்த மாதிரி துரு இருந்தால் மட்டும் கம்பி போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. கம்பி வளைகிற இடங்களைப் பார்க்க வேண்டும்: முளையில் சுற்றியிருக்கும் சுருள், இரும்புச் சட்டத்தின் மேல் அழுந்தும் இடம், பிரிட்ஜில் திரும்பும் இடம். அங்கே துரு செதில் செதிலாகக் கிளம்பியிருந்தால் அறுபடும் நாள் தூரத்தில் இல்லை.

கீழ் ஸ்தாயியில் இருக்கும் பேஸ் கம்பிகளின் கதை வேறு. கனமான ஒலிக்குக் கனமான கம்பி வேண்டும். ஆனால் எஃகையே தடிமனாக வைத்தால் அது கம்பி மாதிரி இல்லாமல் கோல் மாதிரி விறைத்துப்போய் ஒலி கெட்டுவிடும். அதனால் நடுவில் மெல்லிய எஃகு வைத்து, மேலே செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். எடை கூடும், விறைப்பு கூடாது. காலப்போக்கில் செம்புச் சுற்றுகளின் இடுக்கில் அழுக்கும் களிம்பும் இறங்கி இறுகிவிடுகிறது. தட்டினால் "டொம்" என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. கார்வை இருக்காது.

இதில் செலவு மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. பேஸ் கம்பியைத் தளர்த்திக் கழற்றி, ஒரு வளையமாக வளைத்து அந்த வளைவைக் கம்பி நெடுக ஓடவிட்டால் இடுக்கில் உள்ள அழுக்கு உதிரும். ஒரு முறுக்கு கூட்டித் திரும்ப மாட்டினால் சில கம்பிகள் உயிர்பெற்று வரும். அப்படியும் தேறாவிட்டால் பேஸ் கம்பிகளை மட்டும் புதிதாகச் செய்து போடலாம். மேலே உள்ள எஃகுக் கம்பி நன்றாக இருக்கும்போது அதையும் சேர்த்து மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

சுருதியை உயர்த்தும்போதுதான் கம்பி அதிகம் அறுகிறது. இப்போது உலகம் முழுக்க நடுப்பகுதியின் ஏ என்ற ஸ்வரத்தை விநாடிக்கு 440 அதிர்வு என்று வைத்துச் சேர்க்கிறார்கள். 1939-ல் லண்டனில் கூடி ஒத்துக்கொண்ட அளவு அது. அதற்கு முன் பல இடங்களில் 1859-ன் பிரெஞ்சு அளவான 435 இருந்தது. பல வருடம் தொடாமல் கிடந்த பியானோ ஒரு செமிடோன், அதாவது பக்கத்துக் கட்டையின் ஒலி அளவுக்கு இறங்கியிருக்கும். அதை ஏற்ற அதிர்வெண்ணை 6 சதவீதம் கூட்டினால் போதும். ஆனால் இழுவை அதிர்வெண்ணின் வர்க்கமாகக் கூடுவதால் 12 சதவீதம் அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. துருப்பிடித்த கம்பி அந்தக் கூடுதலைத் தாங்காது. வீட்டில் குழந்தை தனியாக வாசிக்க மட்டும்தான் என்றால், இறங்கிய சுருதியிலேயே எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று சேர்த்து வைத்துக்கொள்வது கௌரவமான தீர்வுதான்.

சுருக்கமாக: துருவின் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் வளைவுகளைப் பார்க்க வேண்டும். பேஸ் கம்பிகளைத் தனியாக எடைபோட வேண்டும். சுருதி ஏற்றுவது கம்பிக்குப் பெரிய சோதனை.

கம்பி மாற்றும்போது என்ன நடக்கிறது?

முதல் நாள் வேலை அளவெடுப்பதுதான். எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டை வரை என்ன தடிமன் என்று மைக்ரோமீட்டரில் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அப்புறம் இழுவையை இறக்க வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக வெட்டிக்கொண்டு போனால், ஒரு பக்கம் காலியாகவும் மறு பக்கம் பல டன் இழுவையோடும் இருக்கும். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அதனால் எல்லா முளையையும் கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றாகத் தளர்த்துவார்கள். இதில் அவசரப்படுகிறவரிடம் பியானோவைக் கொடுக்காதீர்கள்.

கம்பி எல்லாம் கழன்ற பிறகுதான் சவுண்ட் போர்டும் பிரிட்ஜும் முழுதாகக் கண்ணுக்குத் தெரியும். பலகையில் விரிசல் இருந்தாலே பயப்பட வேண்டாம். மரத்துண்டு செதுக்கி விரிசலில் ஒட்டி அடைக்கலாம். பலகை அதிர்ந்து "ஜிர்ர்" என்று இரைந்தால், அல்லது பின்னால் உள்ள மரச் சட்டங்களிலிருந்து பிரிந்திருந்தால்தான் பிரச்சினை. பிரிட்ஜில் கம்பியைத் திருப்பும் சிறு ஆணிகளைச் சுற்றி மரம் பிளந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிளந்திருந்தால் கம்பியின் ஒலி பலகைக்குச் சுத்தமாகப் போய்ச் சேராது.

புதுக் கம்பி மேலே ஒரு முளையில் தொடங்கும். கீழே இறங்கி, இரும்புச் சட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சியைச் சுற்றி வளைந்து, திரும்ப மேலே ஏறி அடுத்த முளையில் முடியும். அதாவது இரண்டு கம்பிகளாக நாம் பார்ப்பது உண்மையில் ஒரே நீளக் கம்பி. ஒரு கட்டைக்கு மூன்று என்றால் ஒன்றரைக் கம்பி, மீதிப் பாதி பக்கத்துக் கட்டைக்குப் போகும். ஒன்று அறுந்தால் இரண்டு இடம் காலியாவது இதனால்தான்.

முளையில் சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வேலையின் தரம் தெரிந்துவிடும். கம்பி நுனி முளையின் சிறு துளைக்குள் கூர்மையாக மடங்கி நுழைய வேண்டும். பிறகு மூன்று சுற்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், நடுவில் இடைவெளி இல்லாமல், ஒட்டி உட்கார வேண்டும். அப்புறம் முளையைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். சுற்றுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கம்பி மாதக் கணக்கில் உள்ளுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும், சுருதியும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

கம்பிக்கு முன்னால் பார்க்க வேண்டிய பகுதி

கட்டையை அழுத்தினால் கம்பியை அடிப்பது ஃபெல்ட் சுத்தியல். ஃபெல்ட் என்றால் கம்பளியை அழுத்தி இறுக்கிச் செய்த பொருள். கட்டைக்கும் சுத்தியலுக்கும் நடுவில் உள்ள நெம்புகோல் அமைப்பு முழுவதற்கும் ஆக்‌ஷன் என்று பெயர். சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூரத்தில், ஆக்‌ஷன் அதைக் கைவிட்டுவிடும். மீதித் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்தில் பறந்து போய் அடித்துவிட்டுத் திரும்பும். இப்படி விடுவிக்காவிட்டால் சுத்தியல் கம்பியிலேயே ஒட்டிக்கொண்டு ஒலியை அடக்கிவிடும். பல "ஊமைக் கட்டை"களின் ரகசியம் இதுதான். கம்பியில் கோளாறே இருக்காது.

அப்ரைட்டில் சுத்தியல் முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. தன் எடையால் கீழே விழுந்து திரும்ப வழி இல்லை. அதனால் அதைத் திருப்ப ஒரு மெல்லிய ஸ்பிரிங்கும் ஒரு சின்ன நாடாவும் உதவுகின்றன. நம் ஊரில் அந்துப்பூச்சிக்கு ஃபெல்ட், எலிக்கு நாடா. கட்டைகளுக்கு அடியில் எலி கூடு கட்டியிருப்பது அடிக்கடி பார்க்கிற காட்சி. கூடவே பென்சில், நாணயம், ஜெபமாலை மணி எல்லாம் கிடைக்கும். நாடாக்களை மொத்தமாக மாற்றுவது மலிவான வேலை. கம்பி அதிர்வை நிறுத்தும் டேம்பர் ஃபெல்ட்டை மாற்றுவதும் அப்படித்தான்.

சுத்தியல் ஃபெல்ட்டில் கம்பி பதிந்து பள்ளம் விழுந்திருக்கும். உப்புத்தாளால் உருண்டையாகத் தேய்த்துப் பள்ளத்தை எடுத்தாலே கீச்சென்ற ஒலி மென்மையாகும். ஃபெல்ட் தேய்ந்து உள்ளே உள்ள மரம் தெரிகிற நிலை என்றால் புதுச் சுத்தியல்தான். என் கருத்தில் எந்தப் பழைய பியானோவிலும் ஆக்‌ஷனைச் சுத்தம் செய்து, ரெகுலேஷன் முடித்து, ஒரு தடவை சுருதி சேர்த்துக் கேட்டுப் பார்க்காமல் கம்பி மாற்றுவதைப் பற்றிப் பேசவே கூடாது.

செலவு செய்ய வேண்டாத பியானோ

இரும்புச் சட்டத்தில் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். கரையான் பின்புறத் தூண்களில் ஏறியிருந்தாலும் அப்படித்தான். மேல் மூடியைத் திறந்து பாருங்கள்: பேஸ் கம்பிகள் மற்ற கம்பிகளைச் சாய்வாகக் கடந்து போனால் அது குறுக்குக் கம்பி அமைப்பு, பிற்கால முறை. எல்லாக் கம்பியும் நேராக இறங்கி, சுத்தியல்களுக்கு முன்னால் கூண்டு மாதிரி வரிசையாகக் குச்சிகள் நின்றால் அது பழைய இங்கிலாந்து வகை, டேம்பர்கள் சுத்தியலுக்கு மேலே இருக்கும். தாத்தா காலத்துச் சொத்து, பிரிய மனமில்லை என்றால் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் தினமும் பயிற்சி செய்ய என்றால் அதற்கு முழுக் கம்பி மாற்றம் தகாது. பின் பிளாக்கும் ஆக்‌ஷனும் சேர்ந்து போயிருக்கிற பியானோவைச் சரிசெய்கிற பணத்துக்கு, நல்ல நிலையில் உள்ள பழைய யமஹாவோ கவாயோ கிடைத்துவிடக்கூடும்.

கம்பி மாற்றிய பிறகு

புது எஃகுக் கம்பி நீளும். கட்டிய சில நாளிலேயே சுருதி இறங்கிவிடும். கயிற்றுக் கட்டிலில் சொன்ன மாதிரி, ஒரு பகுதியை இறுக்கினால் இன்னொரு பகுதி தளரும் என்பதும் சேர்ந்துகொள்ளும். அதனால் முதல் வருடத்தில் நான்கு தடவைக்குக் குறையாமல் சேர்க்க வேண்டும், பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை. ஆள் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டியிருந்தால் அந்தப் பயணச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பியானோவை இரண்டு மூன்று வாரம் அப்படியே விட்டு, அறையின் காற்றுக்குப் பழகிய பிறகு சேர்ப்பது நல்லது. வெயில் படாத உட்சுவர் ஓரம் வையுங்கள். ஏசி காற்று நேராக அடிக்கக் கூடாது.

மதிப்பீட்டை மொத்தத் தொகையாக வாங்காமல் கம்பி, முளை, ஆக்‌ஷன், வண்டி, முதல் வருட ட்யூனிங் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். முளையின் புது அளவும் கம்பித் தடிமன் பட்டியலும் உங்களிடம் ஒரு நகல் இருக்கட்டும். கழற்றிய பேஸ் கம்பிகளை வரிசை மாறாமல் கட்டித் தரச் சொல்லுங்கள். பேஸ் கம்பி ஒவ்வொரு பியானோவுக்கும் தனி அளவு, கடையில் தயாராகக் கிடைக்காது. பின்னால் ஒன்று அறுந்தால் புதிதாகச் சுற்றித் தருகிறவருக்கு அந்தப் பழைய கம்பியைத்தான் மாதிரியாக அனுப்ப வேண்டியிருக்கும்.